லடாக், ஸ்பித்தி பயணம்: இருபத்து நான்கு படங்களில் எந்த எட்டு?

தொடுவானம்:

நண்பர்களுக்கு வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் மணாலியிலிருந்து கிளம்பி, பாரலாச்சா லா (லா என்றால் கணவாய்), மோரே சமவெளி வழியாக லே போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து நுப்ரா, பாங்காங், ஹான்லே, சோ மோரிரி. திரும்பும்போது கிராம்பூவில் பிரிந்து, சந்திரதால் பார்த்து, குன்சும் கணவாயைக் கடந்து ஸ்பித்தி. கடைசியில் கின்னோர் வழியாக சிம்லா. ஹார்டு டிஸ்க் நிறையப் படங்கள்.

எங்கள் ஊர்ப் புகைப்படக் கழகம் நூலக அரங்கில் ஒரு கூட்டுக் கண்காட்சி வைக்கிறது. ஆளுக்கு எட்டு ஃபிரேம், எல்லாம் 12×18 அங்குலம், நிலக்காட்சி மட்டும். ஆயிரக்கணக்கிலிருந்து இருபத்து நான்குக்கு வந்துவிட்டேன். அதற்குக் கீழே இறங்க மனம் வரவில்லை. எண் போட்டு இணைத்திருக்கிறேன். பார்ப்பவர்களுக்கு வசதியாக, முக்கியமானவை இவை:

1 பாங்காங், நண்பகல், முழு நீலம். 3 அதே ஏரி, மாலை, காற்றும் பனித்தூறலும். 5 கர்துங் லா உச்சி, பிரார்த்தனைக் கொடிகள். 7 ஹுண்டர் மணல்மேடு, காலை. 8 ஷியோக் ஆறு, மேலிருந்து. 10 மோரே சமவெளியில் லாரியும் புழுதியும். 12 சோ மோரிரி, காலைப் பிரதிபலிப்பு. 16 ஹான்லே, பால்வீதி. 17 ஹான்லே மடாலயம், நிலவொளி. 18 ஸ்பித்தியில் கீ மடாலயம், எல்லோரும் எடுக்கும் மேட்டிலிருந்து. 19 அதே மடாலயம், ஆற்றுக்கு இந்தப்பக்கமிருந்து 300 மி.மீ. லென்ஸில். 20 சந்திரதால் பிரதிபலிப்பு. 21 லாங்சா, பட்டாணி வயல். 22 தங்கரிலிருந்து, 'பின்' என்ற ஆறும் ஸ்பித்தி ஆறும் சேரும் இடம். 23 நிம்முவில் சிந்துவும் ஜன்ஸ்காரும். 24 பாரலாச்சாவில் மூடுபனி.

என் மனத்தில் இருப்பவை 1, 5, 7, 12, 16, 18, 20, 23. தாட்சண்யம் வேண்டாம், சொல்லுங்கள்.

மதிற்பூனை:

தாட்சண்யம் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் சொல்கிறேன். உங்கள் எட்டும் எட்டு ஊர்களின் பெயர்ப்பலகைகள். நான் லடாக் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் இந்த எட்டில் ஆறு படங்களைப் போகாமலேயே பார்த்திருக்கிறேன், சுற்றுலா நிறுவனங்களின் துண்டுப் பிரசுரங்களில். உங்கள் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரைப் போட்டால் யாருக்கும் தெரியாது.

நான் வைப்பவை 3, 8, 10, 19, 21. இந்த ஐந்திலும் ஏதோ நடக்கிறது. காற்று அடிக்கிறது, ஆறு வழி தேடுகிறது, லாரி போகிறது. மீதி மூன்றைப் பிறகு பார்க்கலாம்.

நெல்லைச்சீமை:

ஹுண்டரில் இரட்டைத் திமில் ஒட்டகம் நிற்குமே, அது எங்கே? ஒட்டகம் இல்லாத நுப்ராவை நான் ஏற்கமாட்டேன்.

தொடுவானம்:

ஒட்டகம் நிறைய இருக்கிறது, மேலே சுற்றுலாப் பயணிகளும் சேர்ந்து. நிலக்காட்சி மட்டும் என்று கழகத்தில் விதி.

மதிற்பூனை, உங்கள் கருத்தை மதிக்கிறேன். ஆனால் பார்வையாளர் யார் என்பதையும் பாருங்கள். எங்கள் நூலகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், பள்ளிப் பிள்ளைகள். துண்டுப் பிரசுரத்தில் பார்த்திருக்கலாம். 12×18-இல், நல்ல தாளில், தெரிந்தவர் ஒருவர் எடுத்ததாகப் பார்த்திருக்க மாட்டார்கள். பாங்காங் என்றால் நீலத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். சாம்பல் நிறத் தண்ணீரை மாட்டினால், இதற்காகவா அவ்வளவு தூரம் போனாய் என்று கேட்பார்கள்.

மதிற்பூனை:

கேட்கட்டுமே. கேட்டால் அவர்கள் அந்தப் படத்தின் முன் நின்றிருக்கிறார்கள் என்று பொருள். நீலத்தைப் பார்த்தால் 'ஆகா' என்பார்கள், அடுத்த ஆள் மாட்டிய படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள்.

கல்யாணக்கேமரா:

ரசனைச் சண்டையை அண்ணன்மார், அக்காமார் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பிரிண்ட் போடுபவன். 12×18 எனக்கு அன்றாடச் சோறு, கல்யாண ஆல்பம் பாதி அந்த அளவுதான். அண்ணன் அனுப்பிய முழு அளவுக் கோப்புகளை நூறு சதவீதத்தில் திறந்து பார்த்தேன். தாளில் ஏறும் தகுதி எதற்கு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அதிலேயே சில படங்கள் தானாக உதிரும்.

முதலில் கணக்கு. உங்கள் கேமரா 24 மெகாபிக்சல், அதாவது 6000×4000. பதினெட்டு அங்குலத்துக்கு வகுத்தால் அங்குலத்துக்கு 333 புள்ளி. தாராளம். மூன்றுக்கு இரண்டு விகிதம் என்பதால் ஓரம் வெட்டவும் வேண்டாம். ஆனால் 19-ஐப் பாதிக்குப் பாதி வெட்டியிருக்கிறீர்கள். இப்போது அது 3000×2000, அங்குலத்துக்கு 166. கையில் பிடித்துப் பார்க்கும் ஆல்பத்துக்குப் போதாது. சுவரில் மாட்டி இரண்டடி தள்ளி நின்று பார்க்க, பளபளப்பில்லாத மேட் தாளில் தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். அதிகாலையில் எடுத்ததும் உங்கள் அதிர்ஷ்டம். நண்பகலில் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே 300-இல் எடுத்திருந்தால் சூட்டில் காற்று நெளிந்து விவரமெல்லாம் கரைந்திருக்கும். அதை எந்த மென்பொருளும் கூர்மையாக்காது.

1: வானத்தின் இடது மூலை கருநீலம், நடு வெளிர், வலது மறுபடி வேறு. வானத்தின் நீலத்தைக் கூட்டும் போலரைசர் ஃபில்டரை 16 மி.மீ. அகன்ற லென்ஸில் மாட்டினால் இப்படித்தான் வரும். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானப்பகுதியில்தான் அந்த ஃபில்டர் அதிகம் வேலை செய்யும். அகன்ற லென்ஸ் அதைவிட அதிகமான வானத்தை விழுங்குவதால் நடுவே பட்டை விழும். மேலும் அந்த உயரத்தில் காற்று மெலிது, வானம் ஏற்கெனவே கருத்த நீலம். அங்கே போலரைசர் தேவையே இல்லை. திரையில் சமாளிக்கலாம், தாளில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

16: விண்மீன்கள் புள்ளியாக இல்லை, அரிசி மணியாக இருக்கின்றன. கோப்பில் பார்த்தேன், 24 மி.மீ., 25 விநாடி. ஐந்நூறை லென்ஸின் நீளத்தால் வகுக்கும் பழைய விதிப்படி 21 விநாடிதான் வரும், அதற்கு மேல் போனால் விண்மீன் இழுபடும். இன்றைய சென்சாருக்கு அதுவே அதிகம். கைப்பேசியில் பார்க்க அருமை. சுவரில் வேண்டாம்.

20: கூர்மை முன்னால் இருக்கும் கல்லில் விழுந்திருக்கிறது, எதிரே மலை லேசாக மசங்கல். 12 சுத்தம்.

8: நிழல்கள் கருப்பில் மூழ்கியிருக்கின்றன. கேமரா பதிந்த மூலமான ரா கோப்பில் விவரம் இருக்கிறது, எடுக்கலாம். பெரும்பாலும் மடிக்கணினியை முழு வெளிச்சத்தில் வைத்து வேலை பார்த்திருப்பீர்கள். திரை பளிச்சென்று இருந்தால் படத்தை நாமே இருட்டாக்கிவிடுவோம். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒப்பிட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

தொடுவானம்:

தம்பி, பொறுமையாகப் பார்த்ததற்கு மிக்க நன்றி. 16 போவதுதான் வயிற்றெரிச்சல். ஹான்லே இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகம், விண்மீன் பார்க்க விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்திய இடம். அந்த வானத்துக்காகவே போனோம். கையுறைக்குள் விரல் மரத்துப்போய், கூடாரத்துக்கு வெளியே மூன்று மணிவரை நின்று எடுத்தது.

மதிற்பூனை:

விரல் மரத்தது படத்தில் தெரியவில்லையே.

இருட்டறைவாசி:

மதிற்பூனை அம்மா சுருக்கமாகச் சொன்னதைக் கிழவன் நீட்டிச் சொல்கிறேன். எடுத்தவரே தேர்ந்தெடுக்கும்போது வரும் இடைஞ்சல் இதுதான். படத்தைப் பார்க்கையில் அவருக்குக் குளிரும், மூச்சிரைப்பும், கூட வந்தவர்களின் பேச்சும் சேர்ந்து தெரிகின்றன. பார்வையாளருக்குச் செவ்வகத்துக்குள் இருப்பது மட்டும். எளிதாகக் கிடைத்த படத்தை மதிக்காமல் ஒதுக்குவதும் இதே கோளாறின் மறுபக்கம். பத்தாம் படத்தை நீங்கள் எட்டில் சேர்க்காததற்குக் காரணம், வண்டியின் சன்னலிலிருந்து போகிறபோக்கில் எடுத்ததாக இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

ஒரு யோசனை. இருபத்து நான்கையும் நான்குக்கு ஆறு அங்குலத்தில் லேபில் கொடுத்து எடுத்துவிடுங்கள். செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் ஆகாது. திரையில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் பேசும். மேசையில் பரப்பினால் அவை ஒன்றோடொன்று பேசும். பிறகு எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்புங்கள். ஏரி, மடாலயம் என்ற அடையாளம் போய், வெளிச்சமும் இருளும் வடிவமும் மட்டும் மிஞ்சும். அப்போதும் நிற்கிற படம் நிற்கும். வெளிப்புற எழிலை மட்டும் நம்பியிருந்த படம் சரிந்துவிடும்.

அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ், ஆண்டுக்குப் பன்னிரண்டு தேறிய படங்கள் கிடைத்தால் அது நல்ல விளைச்சல் என்றார். வாழ்நாள் முழுவதும் மலையிலேயே கிடந்தவர் கணக்கு அது. ஒரே பயணத்தில் எட்டு என்பது உண்மையில் பேராசை.

நெல்லைச்சீமை:

ஐயா, அவர் கண்ணாடித் தகட்டையும் பெரிய ஃபிலிமையும் சுமந்துகொண்டு ஒன்று இரண்டு எடுத்தார். இன்று ஒரு நிமிடத்தில் நூறு எடுக்கிறோம். அந்தக் கணக்கு நமக்குப் பொருந்துமா?

இருட்டறைவாசி:

பொருந்தும். எடுக்கும் எண்ணிக்கை கூடியதால் நல்ல வெளிச்சம் வரும் காலைகளின் எண்ணிக்கை கூடவில்லையே. நிறைய எடுத்தவர் கணக்கு வேண்டுமானால், புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் 1955 முதல் 57 வரை அமெரிக்காவை வண்டியில் சுற்றிச் சுமார் 28,000 படங்கள் எடுத்தார். 'தி அமெரிக்கன்ஸ்' என்ற புத்தகத்தில் வந்தவை 83. எடுத்ததைப்போலத் தேர்ந்தெடுப்பதற்கும் நெடுநாள் உழைத்தார். ஆயிரத்தளவு படங்களைச் சிறிதாகப் பிரிண்ட் போட்டுச் சுவரிலும் தரையிலும் பரப்பி வைத்துக் கழித்தார்.

ஸ்பித்தியைப் பற்றியே ஒன்று. சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1866-இல் மணிரங் கணவாயைக் கடந்து அந்தப் பகுதிக்குப் போய்ப் படம் எடுத்தார். ஈரக் கொலோடியன் முறை: கண்ணாடியில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கூடாரத்தில் கழுவவேண்டும். தேர்வு என்பது படம் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடும் காலம்.

மதிற்பூனை:

அந்தக் கண்ணாடிகளையும் கூடாரத்தையும் சுமந்த கூலியாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா. அவர் பெயர்தான் நமக்குத் தெரிகிறது.

இருட்டறைவாசி:

நியாயம்.

எல்லைச்சாலை:

வேலை நிமித்தமாக அந்தச் சாலைகளில் பல ஆண்டுகள் இருந்தவன். படங்களைப் பார்த்ததும் புழுதியின் வாசனை வந்துவிட்டது. புகைப்பட இலக்கணம் தெரியாது. இடம் தெரியும், அதைப் பற்றி மட்டும்.

5: கர்துங் லா மஞ்சள் பலகையில் 18,380 அடி என்று எழுதியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. அளந்து பார்த்த உயரம் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,580 அடி. உலகத்திலேயே உயரமான வண்டிச் சாலை என்ற பெருமையும் பழங்கதை. அதைவிட உயரமான சாலைகள் லடாக்கிலேயே வந்துவிட்டன. பலகை தெரியும் படத்தை மாட்டினால் தவறான எண்ணையும் சேர்த்து மாட்டுகிறீர்கள். கொடிகளுக்குப் பின்னால் நிலமும் தெரியவில்லை. இது நிலக்காட்சி என்று எப்படிச் சேர்ந்தது?

23: 'பச்சை சிந்து, பழுப்பு ஜன்ஸ்கார்' என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போன நாளில் அப்படி. எந்த ஆறு எந்த நிறம் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். பனி உருகிக் கலங்கி வருவது எது என்பதைப் பொறுத்தது. குறிப்பை மாற்றுங்கள், அல்லது படத்தை விட்டுவிடுங்கள்.

10: இதைப் பார்த்ததும் சேரை விட்டு எழுந்துவிட்டேன். மோரே சமவெளி கிட்டத்தட்ட 4,700 மீட்டர் உயரத்தில் நாற்பது கிலோமீட்டர் தட்டையாகக் கிடக்கிறது. கேட்டா வளைவுகளில் இருபத்தொரு கொண்டை ஊசி ஏறி, கணவாய்களைத் தாண்டி, பாங் என்ற தங்குமிடத்தில் நின்று கிளம்பும் லாரிக்காரர் முதல்முறையாகக் கியரைத் தளர்த்தும் இடம். அந்த நிம்மதி படத்தில் இருக்கிறது. ஒரு லாரி, பின்னால் அரைக் கிலோமீட்டருக்குப் புழுதி, மற்றபடி ஒன்றும் இல்லை. குளிர்காலத்துக்கு லே நகரத்துக்கு வேண்டிய பொருள்கள் இப்படித்தான் காலங்காலமாகப் போகின்றன.

21: இதைக் கட்டாயம் வையுங்கள். நீங்கள் காட்டும் மற்ற எல்லாவற்றிலும் அந்த நாடு ஆளில்லாத பாலைவனம். அங்கே மக்கள் வாழ்கிறார்கள். ஸ்பித்தியின் பச்சைப் பட்டாணி வெளிச்சந்தைக்குப் போகும் பயிர். பனி உருகி வரும் நீரைச் சிறு வாய்க்கால்களில் கொண்டுவந்து விளைவிக்கிறார்கள். லாங்சா 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூன்று பேர் குனிந்து அறுக்கும் அந்தப் பச்சைத் துண்டு இல்லாவிட்டால் உங்கள் கண்காட்சி நிலாவைப் பற்றியது என்று நினைத்துவிடுவார்கள்.

தொடுவானம்:

ஐயா, விரிவான பதிலுக்கு நன்றி. 5 போய்விட்டது, வாதமே இல்லை. 21-இல்தான் தயக்கம். மனிதர்கள் இருந்தால் நிலக்காட்சி ஆகாது என்று கழகத்தில் ஒரு மூத்தவர் உறுதியாக இருக்கிறார்.

மதிற்பூனை:

வயலை உண்டாக்கியதே மனிதர்கள். வயல் நிலக்காட்சியாம், வயலில் நிற்பவர் மட்டும் இடைஞ்சலாம். அந்த மூத்தவர் தஞ்சாவூர்ப் பக்கம் நாற்று நடும் பருவத்தில் போனால் கேமராவை மூடிவைத்துக்கொண்டு நிற்பாரோ? அவர்கள் முகம் படத்தில் நகக்கண் அளவுகூட இல்லை. மலைச்சரிவு மூன்று பங்கு, வயல் ஒரு பங்கு, அதில் ஆட்கள் மூன்று புள்ளிகள். அந்தப் புள்ளிகள் இருப்பதால்தான் சரிவு எவ்வளவு பெரிது என்று தெரிகிறது.

கல்யாணக்கேமரா:

அண்ணா, 10-க்கு முன்னும் பின்னும் எடுத்தவை இருக்குமே? ஓடும் வண்டியிலிருந்து யாரும் ஒன்றோடு நிறுத்தமாட்டார்கள்.

தொடுவானம்:

இருக்கின்றன. கழித்த கோப்புறையிலிருந்து இரண்டை இணைக்கிறேன். 10அ: லாரி இன்னும் பெரிதாக, பக்கத்தில். 10ஆ: லாரி சட்டகத்தை விட்டு வெளியேறிவிட்டது, புழுதி மட்டும், அதன் மேல் மேகத்தின் இடுக்கிலிருந்து ஒரு கீற்று வெயில்.

மதிற்பூனை:

10ஆ! இதையா கழித்தீர்கள்?

எல்லைச்சாலை:

லாரி இல்லாமலா? புழுதி எதனால் எழுந்தது என்றே தெரியாது. சுழற்காற்று என்று நினைப்பார்கள். என் வாக்கு பழைய 10-க்கு.

இருட்டறைவாசி:

10அ-வில் லாரிதான் படம், நிலம் பின்திரை. அது வேண்டாம். மற்ற இரண்டில், 10ஆ தனியாக அழகு, கூட்டத்தில் பலவீனம். மற்ற படங்களிலும் வெறும் நிலமும் வெளிச்சமும்தான் இருக்கின்றன, இன்னொன்று சேர்ந்தால் கரைந்துவிடும். பழைய 10-இல் இருக்கும் லாரி பட்டாணி வயலில் இருக்கும் மூவருக்குத் துணை. தனிப்படப் போட்டிக்கு அனுப்புவதானால் 10ஆ-வை அனுப்புங்கள்.

இதுதான் நான் சொல்ல வந்தது. தரவரிசை போட்டு முதல் எட்டை எடுப்பது வேறு, எட்டுப் படம் கொண்ட ஒரு தொகுப்பைக் கட்டுவது வேறு. ஐந்து நட்சத்திரம் கொடுத்த படங்களில் இரண்டு ஒரே வேலையைச் செய்தால் ஒன்று வெளியேறத்தான் வேண்டும். 12-உம் 20-உம் ஏரியில் தலைகீழ் மலை. ஒன்று போதும். தம்பி சொன்ன கூர்மைப் பிரச்சினையால் 20 போகட்டும். 8-உம் 22-உம் பிரிந்து பின்னும் ஆறுகள். எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மதிற்பூனை:

8. இரண்டிலும் வண்டல் சுமந்து வரும் ஆறு அகன்ற படுகையில் கிளை கிளையாகப் பிரிகிறது. ஆனால் 22-இல் ஓரத்தில் பாறை முனை, வானம், மலை என்று எல்லாம் இருப்பதால் கண் ஊர் சுற்றுகிறது. 8-இல் வானமே இல்லை. சாய்ந்த வெயிலில் நீர்க்கிளைகள் மட்டும் வெள்ளியாக மின்னுகின்றன. எவ்வளவு தூரம், எவ்வளவு அகலம் என்று ஒரு கணம் பிடிபடவில்லை. நிழலை மட்டும் தம்பி சொன்னபடி திறந்துவிடுங்கள், ஆனால் முழுக்க வேண்டாம். நிழலே இல்லாமல் வழித்தெடுத்தால் அந்த உயரத்து வெயிலின் கடுமை போய்விடும்.

தொடுவானம்:

நான்குக்கு ஆறு அளவில் எல்லாவற்றையும் எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். என் மனைவியும் பயணத்தில் இருந்தவள் என்பதால் அவளை விட்டுவிட்டு, எதிர் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். லடாக் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்கு அக்கறை இல்லை. ஒரு படத்தை எடுத்து நெடுநேரம் வைத்திருந்தார்: 17. நிலவொளியில் ஹான்லே குன்று, மேலே மடாலயம், கீழே ஊரில் ஒரே ஒரு சன்னலில் விளக்கு. 'இந்த நேரத்தில் இவர்கள் மட்டும் ஏன் தூங்கவில்லை?' என்று கேட்டார். அந்தச் சன்னல் விளக்கை நான் கவனித்ததே இல்லை. 1-ஐப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லி அடுத்ததை எடுத்துவிட்டார்.

மதிற்பூனை:

அந்த அம்மாவை இங்கே உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.

கல்யாணக்கேமரா:

17-இன் கோப்பைப் பார்த்தேன். நிலவு இருந்ததால் எக்ஸ்போஷர் குறைவு, விண்மீன் இழுபடவில்லை, இருட்டில் விழும் புள்ளி இரைச்சலும் அடங்கியிருக்கிறது. தாராளமாகப் போடலாம். ஆனால் இருண்ட படம். அரங்கில் விளக்கு எங்கே விழுகிறது என்று பார்த்து மாட்டுங்கள். கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்தால் எதிர்ச் சன்னலும் பார்ப்பவர் முகமும்தான் தெரியும். மேட் தாள், கண்ணாடி இல்லாமல் மவுண்ட் போர்டில் ஒட்டிவிடலாம். செலவும் குறையும்.

இருட்டறைவாசி:

இப்போது 18-உம் 19-உம். இருப்பதில் சிக்கலானது இதுதான் என்று நினைக்கிறேன்.

கீ மடாலயத்தை அந்த மேட்டிலிருந்து எடுப்பது வழக்கமாகிவிட்டதற்குக் காரணம் இருக்கிறது: அங்கிருந்துதான் குன்றின் கூம்பு வடிவமும் பின்னால் ஸ்பித்திப் படுகையும் ஒரே சட்டகத்தில் விழுகின்றன. பலர் எடுத்தது என்பதாலேயே ஒரு படத்தைத் தள்ளக்கூடாது. உங்கள் 18-இல் மேக நிழல் படுகையைப் பாதி மூடி, மடாலயத்தின் மேல் மட்டும் வெயில் விழுகிறது. அது எல்லோருக்கும் கிடைக்காது.

19-இல் மடாலயம் மொத்தப் படத்தில் கட்டைவிரல் அளவு. சுற்றிலும் சரிந்து கிடக்கும் சரளைக்கல் மலை. முதலில் பார்ப்பவருக்கு மடாலயம் இருப்பதே தெரியாது. கல்லும் கட்டடமும் ஒரே நிறம்.

என் வாக்கு 18.

மதிற்பூனை:

என் வாக்கு 19. ஐயா அதன் பலவீனம் என்று சொன்னதுதான் எனக்குப் பலம். தேடிக் கண்டுபிடிக்க வைக்கிறது. ஆயிரம் ஆண்டுப் பழமை சொல்லப்படும் ஒரு கட்டடம் மலைக்கு முன் எவ்வளவு சிறியது என்பதை 18 சொல்லவில்லை. 18-இல் மடாலயம்தான் நாயகன், மலை சும்மா நிற்கிறது.

எல்லைச்சாலை:

18. ஊரை அடையாளம் தெரியவேண்டும்.

கல்யாணக்கேமரா:

புள்ளிக் கணக்குப்படி 18. ஆனால் மனசு 19 என்கிறது.

நெல்லைச்சீமை:

இரண்டிலும் ஒட்டகம் இல்லை. வாக்களிப்பைப் புறக்கணிக்கிறேன்.

தொடுவானம்:

முடிவுக்கு வந்துவிட்டேன். 3, 7, 8, 10, 12, 17, 19, 21.

3-ஐப் பற்றி: சாம்பல் தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அன்று மாலை அலை கடல் மாதிரி கரையில் அடித்தது, எதிர்க்கரை தெரியவில்லை. பாங்காங் 134 கிலோமீட்டர் நீளம், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் நம் பக்கம். அந்த நீளத்தை 3 காட்டுகிறது. 1 ஒரு குளத்தைக்கூட அப்படிக் காட்டியிருக்கும். ஆனாலும் நீலத்தைத் தேடி வருபவர்களை ஏமாற்ற விருப்பமில்லை. 1-இன் வானத்தை வெட்டிவிட்டு, தண்ணீரும் மலையும் மட்டுமாக அஞ்சலட்டை அளவில் நிறையப் போட்டு, நுழைவு மேசையில் வைக்கப்போகிறேன். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.

7-ஐ யாரும் பேசவில்லை, அதனால் பிழைத்தது. மணல் வரிகளுக்குப் பின்னால் பனிமலை இருப்பது இந்தியாவில் வேறெங்கே கிடைக்கும் என்பது என் வாதம்.

24-ஐ விட்டதில் வருத்தம். மூடுபனி எங்கும் மூடுபனிதான், பாரலாச்சா என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. 16 என் மேசைக் கணினியின் திரையில் இருக்கும்.

19-க்கு இரண்டு பேர், 18-க்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டு, முடிவை நான் எடுத்துக்கொண்டேன். இருட்டறைவாசி ஐயா மன்னிக்கவேண்டும். கழக மூத்தவரிடம் 21-க்காக நான் பேசிக்கொள்கிறேன்.

இருட்டறைவாசி:

மன்னிக்க ஒன்றுமில்லை. எடுத்தவர் நீங்கள், மாட்டுபவரும் நீங்கள். ஆனால் 19-ஐத் தேர்ந்ததற்கு என் கண்டனம் பதிவாகட்டும்.

மாட்டும் வரிசை பற்றி ஒரு வார்த்தை. பயண வரிசையில் மாட்டாதீர்கள். 3-உம் 12-உம் அடுத்தடுத்து வந்தால் இரண்டு ஏரியும் ஒன்றையொன்று தின்றுவிடும். 10-ஐ நடுவில் வையுங்கள், அதன் சாலைக் கோடு கண்ணை அடுத்த படத்துக்கு இழுத்துச் செல்லும். லாரி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்தில் 21 இருக்கட்டும்.

தொடுவானம்:

லாரி இடப்பக்கம் போகிறது ஐயா. ஆனால் அரங்கின் வாசல் இடப்பக்கம்தான். மக்கள் இடமிருந்து வலமாக நடந்து வருவார்கள்.

கல்யாணக்கேமரா:

தயவுசெய்து படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிவிடாதீர்கள் அண்ணா. லாரியின் எண்பலகை தெரிகிறது.

எல்லைச்சாலை:

எதிரே வருகிற லாரியாகவே இருக்கட்டும். அந்தச் சாலையில் பாதி வண்டிகள் லேயிலிருந்து காலியாகத் திரும்புபவைதானே. குறிப்பில் 'மணாலி நோக்கி' என்று எழுதுங்கள், சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து உறுதி செய்துகொண்டு.

நெல்லைச்சீமை:

அஞ்சலட்டை மேசையில் ஒட்டகத்துக்கு ஓர் இடம் இருக்குமா?

தொடுவானம்:

இருக்கும். பயணி இறங்கிய பிறகு எடுத்தது ஒன்று அகப்பட்டிருக்கிறது.